"பகிடிக்குச் சொன்னது": முதல் வேலையில் கரைச்சல் வந்தால் என்ன செய்வது

என் முதல் வேலையில் மூன்றாவது மாதம் அது. யாழ் நகரில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் கணக்குப் பகுதி. பின்னேரம் ஐந்தரைக்குக் காசு எண்ணி முடிக்க 4,300 ரூபாய் குறைந்தது. பில் புத்தகத்தை மூன்று தரம் புரட்டினேன். லாச்சியை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். எனக்கு மேலே இருந்த அண்ணை (எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம், சேர் என்றால் அவருக்குப் பிடிக்காது) கதிரையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேமுக்காலுக்குத் தன் மேசை லாச்சியைத் திறந்து, றப்பர் வளையம் போட்ட அந்தக் காசை எடுத்து என் முன்னால் எறிந்தார்.

"பகிடிக்கு எடுத்து வைச்சனான்டா. தீவான் அழப்போறான் போல கிடக்கு."

தீவுப் பகுதி ஆட்களை மட்டம் தட்டச் சொல்லும் சொல் 'தீவான்'. நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைத்தான் இன்றைக்கும் நினைக்க எரிச்சலாக இருக்கிறது. ஊருக்குப் போகும் கடைசி பஸ் அதற்குள், நகரைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலம் தாண்டிவிட்டது.

இதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கரைச்சல் என்போம், ஆக்கினை என்போம், அரியண்டம் என்போம். பல்கலைக்கழகத்துக்குள் நடந்தால் அது பகிடிவதை. அதற்கென்று 1998ஆம் ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆள் படித்து முடித்து வெளியே வந்து, ஒரு கந்தோரில் கதிரை பிடித்தபிறகு அதையே செய்தால் 'வதை' கழன்றுவிடும், வெறும் 'பகிடி' மிஞ்சும். வேலையிடக் கரைச்சலுக்கென்று தனியாக ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. தொழில் சட்டம், குற்றவியல் சட்டம், மனித உரிமை என்று பக்கவாசல்கள்தான் உண்டு. எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எழுத்தில ஏதும் இருக்கோ?"

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, எழுதி வைப்பதைப் பற்றியது.

முதலில்: இது கரைச்சல்தானா?

புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாமே கரைச்சலாகத்தான் தெரியும். காலை எட்டுக்குக் கடை திறக்க வரச் சொன்னால், கணக்கில் பிழை விட்டதற்கு ஏச்சு வாங்கினால், நல்லூர்த் தேருக்கு லீவு கேட்டுக் கிடைக்காவிட்டால், அது கடினமான வேலை அல்லது கடினமான மேலாள். பிடிக்காமல் போகலாம். அதற்காக முறைப்பாடு எழுதினால் உங்கள் பெயர்தான் கெடும்.

வேறு மாதிரி ஒன்று உண்டு. அது திரும்பத் திரும்ப வரும், ஒரே ஆளைத் தேடி வரும். நீங்கள் திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் அதைச் செய்வார். வாடிக்கையாளருக்கு முன்னால் மட்டம் தட்டுவது, வேண்டுமென்றே தகவல் சொல்லாமல் விட்டுப் பிறகு "உனக்குத் தெரியாதோ" என்பது, எல்லாரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் உங்கள் பிழையை மட்டும் படம் எடுத்துப் போடுவது, மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பிப் போய்விட உங்களை மட்டும் கவுண்டரில் இருத்திவிட்டுப் போவது.

ஐயமாக இருந்தால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அவர் வாயால் சொன்னதை நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? "உங்கள் கணக்கில் இந்த மாதம் மூன்று பிழை, திருத்தவும்" என்பதைப் போடுவார். "தீவான்" என்பதைப் போடமாட்டார்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லவேண்டும். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் "ஊரில எவடம்? கோயிலுக்குக் கிட்டவோ?" என்று அடுத்தது வரும். அந்த இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பதிலுக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தல் இடம் மாறினால், உங்கள் தேநீர்க் கோப்பை தனியாக வைக்கப்பட்டால், அதையும் கரைச்சல் கணக்கில் சேருங்கள். சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வன்னியில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ வந்து வேலை செய்பவர்கள் பேச்சு வழக்குக்காக வாங்கும் நக்கலும் இதற்குக் கிட்டத்தான் நிற்கிறது.

இரண்டாவது: சேர்ந்த கிழமையே கடதாசிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கரைச்சல் தொடங்கிய பிறகு நியமனக் கடிதம் கேட்டால் "இப்ப ஏன் கேக்கிறாய்?" என்பார்கள். சேர்ந்த கிழமையில் கேட்டால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

கடைக்கும் அலுவலகத்துக்கும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் நியமன விபரத்தை எழுத்தில் தரவேண்டும். சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை செய்தால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு (இ.பி.எப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தன் கையால் 3 வீதம். தகுதிகாண் காலத்திலும் இது உண்டு. "ஆறு மாதம் போகட்டும், பிறகு இ.பி.எப். போடுவம்" என்று சொன்னால் அது சட்டம் இல்லை, வாய்ச்சொல்.

கரைச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. நாளைக்கு நீங்கள் எங்கேயாவது முறையிடப் போனால், "இவர் எங்களிடம் வேலை செய்யவேயில்லை, இடைக்கிடை உதவிக்கு வந்து போவார்" என்று முதலாளி சொல்லலாம். சேமலாப நிதி இலக்கம் அந்தக் கதையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு இவற்றைப் போனில் படம் எடுத்து வீட்டில் ஒரு பைலில் வைத்துக்கொள்ளுங்கள். திகதி போடாத ராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் வைக்கவேண்டாம். "வீட்டில அப்பாட்டைக் காட்டிப்போட்டுக் கொண்டு வாறன்" என்று சொல்லித் தாளை வாங்குங்கள். பெரும்பாலும் தாளைத் தரமாட்டார்கள், பேச்சும் அதோடு நின்றுவிடும்.

மூன்றாவது: கொப்பி

அந்த 4,300 ரூபாய் நடந்த இரவு, பஸ் இல்லாமல் கொக்குவிலில் ஒரு நண்பன் வீட்டில் தங்கினேன். அவனுடைய அக்கா நீதிமன்றத்தில் எழுதுவினைஞர். கதையைக் கேட்டுவிட்டு, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். "இப்பவே எழுது. நாளைக்கு எழுதினா நீ கூட்டிக் குறைச்சுத்தான் எழுதுவாய்."

என் முதல் பதிவு இப்படி இருந்தது: "அவன் ஒரு மிருகம். எல்லாருக்கும் முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டான்." அக்கா வாசித்துவிட்டுக் கோடு போட்டு வெட்டினார். "இதில எனக்கு என்ன நடந்ததெண்டு ஒண்டும் விளங்கேல்லை." இரண்டாம் தரம் எழுதியது:

"14ஆம் திகதி, வெள்ளி. பி.ப. 5.30 காசு எண்ணி முடித்தேன், 4,300 குறைவு. 6.45 வரை தேடினேன். அண்ணை தன் மேசை இரண்டாவது லாச்சியிலிருந்து காசை எடுத்தார். சொன்னது: 'பகிடிக்கு எடுத்து வைச்சனான்டா. தீவான் அழப்போறான் போல கிடக்கு.' நின்றவர்கள்: காசாளர், ஸ்டோர் பொறுப்பாளர், சாரதி, புதிதாகச் சேர்ந்த பெடியன். கடைசி பஸ் தவறியது. மேலதிக நேரம் எழுதப்படவில்லை."

எழுதவேண்டியது இவ்வளவும்தான். திகதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, நின்றவர்கள், அதனால் உங்களுக்கு வந்த நட்டம். கோபத்தை எழுதவேண்டாம். வாசிப்பவருக்கு அது தானாக வரும். இரண்டு மாதத்தில் எனக்கு ஒன்பது பதிவு சேர்ந்தது. அதைப் புரட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது. ஒன்பதில் ஆறு வெள்ளிக்கிழமை, முதலாளி நேரத்தோடு வீட்டுக்குப் போகும் நாள். தலைக்குள் வைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

கொப்பியை வேலையிடத்தில் வைக்கவேண்டாம். நிறுவனத்தின் கணினியிலோ நிறுவனம் தந்த போனிலோ எழுதவும் வேண்டாம். பக்கம் கிழிக்கவேண்டாம், பிழை வந்தால் கோடு போட்டு வெட்டிவிட்டுத் தொடருங்கள். இடையில் பக்கம் காணாமல் போன கொப்பியை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வட்ஸ்அப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது பெயரும் இலக்கமும் திகதியும் தெரியவேண்டும். வெறும் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது ஆருடையது என்று கேட்பார்கள். எடுத்ததை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். போன் விழுந்து உடையும், "எல்லாருக்கும் அழி" என்ற பொத்தானும் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். ஆதாரம் என்று நினைத்து வாடிக்கையாளர் விபரம், கணக்குப் புத்தகம், நிறுவனத்தின் கோப்பு ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம். முறைப்பாடு உங்களுடையதாகத் தொடங்கி, களவு வழக்கு உங்கள்மேல் வந்து முடியும்.

நான்காவது: ஒருமுறை நேரே சொல்லுங்கள்

எல்லாருக்கும் இந்தப் படி பொருந்தாது. கை வைத்திருந்தால், மிரட்டியிருந்தால், பாலியல் சீண்டலாக இருந்தால் இதை விட்டுவிட்டு ஆறாவதுக்குப் போங்கள்.

மற்றவர்கள் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். காலை வந்தவுடன் நல்லது. மாலையில் எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். இரண்டு வசனத்துக்கு மேல் கதைக்கவேண்டாம்.

"அண்ணை, நேற்று கஸ்டமருக்கு முன்னால நீங்கள் கதைச்சது எனக்குச் சரியாப் படேல்லை. பிழை இருந்தா உள்ளுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, திருத்திறன்."

உடனே வருவது: "என்னடா, பகிடிக்குச் சொன்னது. இதுக்கெல்லாம் முகத்தைத் தூக்கிறாய்."

"எனக்குப் பகிடியாப் படேல்லை அண்ணை."

இதோடு நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அது வாக்குவாதமாகும், வாக்குவாதத்தில் மேலே இருப்பவருக்குத்தான் குரல் பெரிது. அவர் உங்களை 'நீ' என்றாலும் 'டேய்' என்றாலும் நீங்கள் 'நீங்கள்' என்பதை விடவேண்டாம். பிறகு விசாரணை வந்தால் "இவரும் திருப்பிக் கதைச்சவர்தான்" என்ற ஒரு வசனம் எல்லாவற்றையும் சமப்படுத்திவிடும். நல்ல மனிதர்கள்கூட அந்த வசனத்தைக் கேட்டதும் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார்கள்.

சொன்னதை அன்றிரவு கொப்பியில் எழுதுங்கள், அவர் சொன்ன பதிலையும். சிலர் இதோடு நிறுத்திவிடுவதும் உண்டு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஐந்தாவது: மேலே எழுத்தில் கொடுங்கள்

இங்கேதான் யாழ்ப்பாணம் குறுக்கே வரும்.

கொழும்பில் வேலை செய்பவருக்கு முகாமையாளர் முகாமையாளர்தான். இங்கே முகாமையாளர் அம்மாவின் பள்ளித் தோழியின் கணவராக இருப்பார், அல்லது கரைச்சல் கொடுப்பவர் முதலாளியின் மச்சானாக இருப்பார். வேலையே பெரியப்பா ஒருவரிடம் சொல்லிக் கிடைத்ததாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. முறைப்பாட்டுக் கடிதத்தை முதலாளியின் கையில் கொடுத்த மூன்றாம் நாள், பெரியப்பா சைக்கிளில் வீட்டு வாசலில் நின்றார். முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு தொடங்கினார். "ஆக்களுக்கு முன்னால நான் தலை நிமிந்து கதைக்கிறனான் தம்பி. நான் சொல்லித்தான் உன்னை எடுத்தவை. ஏன் உப்பிடிக் கடுதாசியெல்லாம்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டு வந்து பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒன்பது பதிவையும் வாசித்தார். 'தீவான்' என்ற இடத்தில் நிறுத்தினார். அவரும் அதே தீவில் பிறந்தவர்தான். "சரி" என்றார், சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் முதலாளியிடம் என்ன கதைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டாரை முதலே ஆயத்தப்படுத்துவது நல்லது. கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று வேலை எடுத்துத் தந்தவருக்கு நீங்களே சொல்லுங்கள், கொப்பியைக் காட்டுங்கள். எதிர்ப்பக்கத்து வாயிலிருந்து முதலில் கேட்டால் அவர் உங்களுக்கு எதிராகத்தான் நிற்பார். நான் பெரியப்பாவுக்குச் சொல்லாமல் விட்டது பிழை. அன்றைக்குக் கொப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தப்பினேன்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். என்னுடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"கணக்குப் பகுதியில் வேலை செய்யும் நான், கடந்த இரண்டு மாதங்களில் ஒன்பது தடவை, எனது மேலாளால் வேலையுடன் தொடர்பில்லாத முறையில் நடத்தப்பட்டுள்ளேன். திகதியும் விபரமும் இணைப்பில் உள்ளன. இதுபற்றி அவரிடம் ஒருமுறையும் தங்களிடம் வாய்மொழியாக மூன்று முறையும் கூறியுள்ளேன். இவை மேலும் நடைபெறாமல் இருக்க ஆவன செய்யுமாறும், எடுக்கும் நடவடிக்கையை எனக்கு அறியத்தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'தாழ்மையுடன்' என்பது தேவையா என்று கேட்பீர்கள். இங்கே கடிதம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் ரோசம் பார்க்கவேண்டாம். "நடவடிக்கை எடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன்" என்றும் எழுதவேண்டாம். கூட வேலை செய்பவர்களுக்கும் இதே கரைச்சல் என்றாலும் அவர்கள் பெயரைக் கேட்காமல் இழுக்கவேண்டாம்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் கிடைத்தது என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். மேலாளே கரைச்சல் கொடுப்பவர் என்றால், தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு. வங்கி, நிதி நிறுவனம், சுப்பர் மார்க்கெட் போன்ற இடங்களில் தலைமையகம் பெரும்பாலும் கொழும்பில்தான். யாழ் கிளையில் எவர் எவருக்குச் சொந்தம் என்பது அங்கே தெரியாது, அது உங்களுக்கு நன்மை. தொண்டு நிறுவனங்களில் முறைப்பாட்டுக்கென்று தனி மின்னஞ்சல் இருக்கும், சேர்ந்த அன்று தரும் கைநூலில் தேடுங்கள்.

முதலாளி என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இதை வாயால சொல்லியிருக்கலாமே, ஏன் எழுதினனீ?" என்றார். வாயால் மூன்று தரம் சொல்லியிருந்தேன், அதுவும் அந்தத் தாளிலேயே இருந்தது. அடுத்த திங்கள் என் மேசையை ஸ்டோர் பக்கம் மாற்றினார்கள். வெள்ளிக்கிழமைக் காசை முதலாளியின் மகன் வந்து எண்ணத் தொடங்கினார். அண்ணை நாலு மாதம் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதுவும் ஒரு வகைக் கரைச்சல்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது.

ஆறாவது: வெளியே எங்கே போவது

உள்ளே பேசி ஒன்றும் நடக்கவில்லை, அல்லது உள்ளே போகவே வழியில்லை என்றால் எந்த வாசல் எதற்கு என்று தெரிந்திருக்கவேண்டும். பிழையான வாசலில் போய் நின்று "இது எங்கட வேலை இல்லைத் தம்பி" என்று கேட்டுத் திரும்புபவர்கள்தான் அதிகம். அதோடு மனம் விட்டுவிடும்.

தனியார் துறையில் வேலை என்றால் தொழில் திணைக்களத்தின் யாழ் அலுவலகம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: "என்னை நக்கலடிக்கிறார்கள்" என்ற முறைப்பாட்டோடு போனால் அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. "மேலதிக நேரக் காசு தரவில்லை, லீவு மறுக்கிறார்கள், சேமலாப நிதி போடவில்லை" என்று போனால் நிறுவனத்தை அழைத்து விசாரிக்க அதிகாரம் உண்டு. கரைச்சல் நடக்கிற இடத்தில் இந்தப் பிழைகளும் சேர்ந்தே இருக்கும் என்பது நான் கண்டது. என் கொப்பியில் 5.30 முதல் 6.45 வரை என்று எழுதியிருந்தது நக்கலுக்கு மட்டும் சாட்சி இல்லை. அது ஒன்றேகால் மணித்தியால மேலதிக நேரத்துக்கும் சாட்சி. விசாரணைக்கு ஒருமுறை அழைக்கப்பட்டதும் அடங்கிப்போகும் முதலாளிமார் நிறையப் பேர்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கவேண்டும். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். "கொஞ்சம் பொறு, கதைச்சு முடிப்பம்" என்று இழுத்து இந்த ஆறு மாதத்தைக் கரைத்துவிடுவார்கள், கலண்டரில் குறித்து வையுங்கள். நியாய சபை சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்து நிற்பதில்லை, நியாயமும் ஒப்புரவும் பார்ப்பது. உங்கள் கொப்பிக்கு அங்கே மதிப்புண்டு. தவிர, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

இதனால்தான் கோபத்தில் ராஜினாமா எழுதவேண்டாம் என்று சொல்கிறேன். கரைச்சல் தாங்காமல் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு "எழுத வைத்தார்கள்" என்று நிரூபிப்பது கடினம். முடியாது என்றில்லை, கடினம். நாளைக்கு விடப்போகிறீர்கள் என்றாலும் இன்றைக்கு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு விடுங்கள். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஐந்து வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தவர் என்றால், வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் கணக்குப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில், ஐந்து வருடம் முடிந்தால்தான் அது உங்கள் உரிமை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாலே முக்கால் வருடத்தில் கரைச்சல் திடீரென்று கூடினால், அது ஏன் என்று யோசிக்கவேண்டும்.

அரச அலுவலகம் என்றால் தொழில் நியாய சபை உங்களுக்கு இல்லை. அரச ஊழியருக்கான விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவைப்படி திணைக்களத் தலைவருக்கு எழுதவேண்டும். சமத்துவ உரிமையே மீறப்பட்டது என்று கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழு. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, உடனடித் தொலைபேசி 1996. இங்கே காலம் இன்னும் குறுகியது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

அடித்தால், அடிப்பேன் என்று மிரட்டினால், அது கரைச்சல் என்ற சொல்லைத் தாண்டிவிட்டது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். அவசரம் என்றால் 119.

பெண்களுக்கு வரும் கரைச்சலில் பெரும்பகுதி வேறு உருவில் வரும். "மழை தங்கச்சி, நான் கொண்டுபோய் விடுறன்" என்று தொடங்கி, இரவு பத்துக்கு "நித்திரையோ?" என்று செய்தியாக வந்து, பதில் போடாவிட்டால் அடுத்த நாள் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் போய் முடியும். இதற்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதையும் அது குறிப்பாகச் சொல்கிறது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பிரிவைக் கேளுங்கள். முதலில் ஆரோடாவது கதைக்கவேண்டும் போல இருந்தால் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938 இருக்கிறது. அந்த இரவுச் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடுவது இயல்புதான், ஆனாலும் அழிக்கவேண்டாம். திறந்து பார்க்க மனமில்லை என்றால் நம்பிக்கையான அக்கா ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் பக்கம் மறைத்து வையுங்கள். ஊர் கதைக்கும் என்ற பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ஊர் கதைக்கும்தான்.

ஏழாவது: உடம்பைக் கவனியுங்கள்

ஞாயிறு பின்னேரம் வயிறு பிரட்டத் தொடங்கினால், கடை இருக்கும் சந்தி வந்ததும் கை வேர்த்தால், நித்திரை இல்லாமல் மூன்று மணிக்கு விழித்தால், அதையும் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள், எழுதிவிட்டு மருத்துவரிடமும் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போறான்" என்று ஆராவது பார்ப்பார்கள் என்ற தயக்கம் இருந்தால், மனநல உதவித் தொலைபேசி 1926க்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். மருத்துவர் எழுதித் தரும் துண்டும் ஒரு கடதாசிதான், பைலில் போடுங்கள்.

கூட வேலை செய்பவர் ஒருவருக்கு இது நடப்பதைப் பார்த்தால்

நீங்கள் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. அந்த இடத்தில் சிரிக்காமல் இருங்கள். பிறகு போய், "நான் நிண்டு பார்த்தனான், தேவைப்பட்டா சொல்லுவன்" என்று சொல்லுங்கள். அன்று என் லாச்சிக்கு முன்னால் சிரித்த நாலு பேரில் சாரதி மட்டும், இரண்டு கிழமை கழித்து, லொறிக்குப் பக்கத்தில் வைத்து எனக்கு அதைச் சொன்னார். கடிதத்தின் இணைப்பில் அவர் பெயரை அவரிடம் கேட்டுத்தான் போட்டேன்.

போகும் நாளுக்கு

தொழில் அலுவலகத்துக்கோ ஆணைக்குழுவுக்கோ போகும்போது அடையாள அட்டை, நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கொடுத்த கடிதத்தின் பிரதி, தபால் துண்டு எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோப் பிரதி. மூலத்தை ஒருவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கேட்டவுடன் பதற்றத்தில் மறந்துபோகும். கொப்பியையும் கொண்டுபோங்கள், ஆனால் கேட்டால் மட்டும் எடுங்கள். கதைக்கும்போது கடைசியாக நடந்ததிலிருந்து தொடங்குங்கள். சேர்ந்த நாளிலிருந்து தொடங்கினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனையை வைத்துவிடுவார்.

அரை நாளாவது எடுக்கும், லீவு போட்டுவிட்டுப் போங்கள். கடை அலுவலகச் சட்டத்தின் கீழ் முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமைய லீவு உண்டு, இரண்டாம் வருடத்திலிருந்து ஏழு நாள். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்த அலுவல்" என்று எழுதினால் போதும்.